சித்தப்பா பார்க்க வந்த கை

கஷ்கொட்டைத் தோப்பு வைத்திருக்கிற மனிதருக்குக் கஷ்கொட்டை உரிக்கத் தெரியாது என்றால் யார் நம்புவார்கள்? அந்த நம்பிக்கையில்தான் கில்ஜுன் இத்தனை காலம் ஓட்டிக்கொண்டிருந்தார். மரத்தைக் கவாத்து செய்வதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. விழுந்து கிடக்கும் முள்கூட்டைப் பூட்ஸ் காலால் மிதித்துப் பிளந்து, இடுக்கியால் கொட்டையை எடுத்துக் கூடையில் போடும் வேகத்தைப் பார்க்க அக்கம்பக்கத்தார் வேலியோரம் வந்து நிற்பார்கள். கோங்ஜு சந்தையில் அவருடைய மூட்டைக்குத் தனி மதிப்பு. ஆனால் கையில் ஒரு சின்னக் கத்தியையும் ஒரு கொட்டையையும் கொடுத்துவிட்டால் போதும், மனிதர் வேறு ஆளாகிவிடுவார்.

அவர் மனைவி ஓக்பூன் இதைக் கல்யாணமான புதிதிலேயே கண்டுபிடித்துவிட்டாள். சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவை வரவில்லை. வீட்டுச் சமையலுக்கு அவள் உரித்தாள்; திவசத்துக்கு மாமனார் உரித்தார்.

திவசக் கஷ்கொட்டை என்பது வேறு சங்கதி. ஓட்டை உரித்து, உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும் துவர்ப்புத் தோலைச் சீவி, மேலும் கீழும் தட்டையாக்கி, சுற்றிலும் பட்டை பட்டையாகச் செதுக்க வேண்டும். அப்போதுதான் தட்டில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் சரியாமல் நிற்கும். அதை வீட்டு ஆண்கள்தான் செய்ய வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். மீனைக் கழுவுவதும், இறைச்சியை வேகவைப்பதும், பூசணியையும் மீனையும் முட்டையில் தோய்த்து மலைபோல அடை அடையாகச் சுட்டு எடுப்பதும் பெண்கள் பாடு. ஆண்கள் கூடத்தில், அடியில் கணப்பு ஓடிச் சூடேறிய தரையாகப் பார்த்து உட்கார்ந்து, ஒரு தட்டுக் கஷ்கொட்டையை உரித்து முடித்துவிட்டு, நாட்டையே காப்பாற்றிவிட்ட களைப்போடு சாய்ந்து படுப்பார்கள்.

ஓக்பூன் பிறந்த வீட்டில் ஆண்பிள்ளை கிடையாது. அவள் அப்பாவுக்கு எழுத்தர் வேலை, கை முழுக்க மைதான். கத்தி பிடிக்க வராது. அதனால் திவசத்துக்குத் திவசம் அவள்தான் உரித்தாள். வாழ்க்கைப்பட்டு வந்த முதல் வருஷம் பழக்க தோஷத்தில் கத்தியை எடுத்துவிட்டாள். மாமனார் மெல்லச் சிரித்து, “உனக்கு அடுப்படியிலயே எத்தன வேல, பாவம். இந்தச் சிரமத்தையாவது நாங்க படறோமே” என்றார். எங்கள் ஊரில் இப்படித்தான் ‘தொடாதே’ என்று சொல்வது. நேராகப் பேசினால் வாய் வெந்துவிடும் என்பதுபோல எல்லாரும் சுற்றி வளைத்துத்தான் பேசுவோம். ஓக்பூன் கத்தியை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அவர் நல்ல மனிதர். அதனால்தான் அது இன்னும் கொஞ்சம் வலித்தது.

மாமனார் காலமானதும் கத்தி கில்ஜுனிடம் வந்தது. முதல் திவசத்துக்கு அவர் உரித்ததெல்லாம் பட்டாணி அளவுக்கு வந்து நின்றது. ஆடுகிற நாற்காலியின் காலை அறுத்துச் சமன் செய்கிறவர் கதைதான். இந்தப் பக்கம் ஒரு சீவு, சரியில்லை என்று அந்தப் பக்கம் ஒரு சீவு. கில்ஜுனின் சித்தப்பா, அதாவது செத்துப்போனவரின் தம்பி, தட்டை உற்றுப் பார்த்துவிட்டு, “அண்ணனுக்குக் கடைசியில பல்லு சரியில்ல பாரு, அதான் பொடிப்பொடியாப் பண்ணியிருக்கான். எத்தன பாசம்!” என்றார். கில்ஜுனின் காது சிவந்தது.

இரண்டாவது திவசத்துக்கு ஒரு தட்டு நிறைய அச்சில் வார்த்த மாதிரி கஷ்கொட்டைகள் வந்துவிட்டன. கில்ஜுன் கூடத்துக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்து, சாயங்காலம் தட்டோடு வெளியே வந்தார். சித்தப்பா ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். “அடேயப்பா! ஒண்ணு போல ஒண்ணு. என்ற அண்ணன் கையில கூட இப்படி வந்ததில்ல. மனுசன் கை செஞ்சாப்பலயே இல்லயே!” கூடியிருந்த சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் திடீரென்று பக்கத்துத் தட்டில் இருந்த இலந்தைப்பழத்தின்மேல் அக்கறை வந்துவிட்டது, எல்லாரும் அதையே பார்த்தார்கள். கில்ஜுன் மட்டும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

ஓக்பூனுக்கு அன்று சாயங்காலமே விஷயம் தெரியும். அத்தனை கஷ்கொட்டை உரித்த வீட்டில் குப்பைக் கூடையில் ஒரு ஓடு இல்லை. சொந்தத் தோப்புக் கொட்டையைப் பையில் போட்டுக்கொண்டு, யாருக்கும் முகம் தெரியாத ஊராகப் பார்த்துப் போய், உரிக்கிற மெஷினில் கொடுத்து வாங்கி வந்திருக்கிறார். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஒரே கூரைக்குக் கீழே, கையெட்டும் தூரத்தில் நான் இருக்கிறேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இந்த ஆள் பஸ் ஏறி மெஷினிடம் போயிருக்கிறார். இவராக வந்து கேட்கட்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தாள். கேட்காதவரை நான் வாயைத் திறக்கப் போவதில்லை.

ஒரு வருஷம் ஓடிவிட்டது. அவர் கேட்கவில்லை.

இந்த வருஷம் திவசத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது சித்தப்பா போன் பண்ணினார். “கில்ஜுனு, நான் இந்த வருசம் மத்தியானமே வந்தர்றேன். உன்ற கூட உக்காந்து ரண்டு கொட்ட உரிக்கோணும். கண்ண மூடறதுக்குள்ள அந்தக் கை வேல செய்யறத ஒருக்காப் பாத்துப்போடணும்.”

“அதுக்கென்னங்க சித்தப்பா, வாங்க, வாங்க” என்று வாய் நிறையச் சொல்லிவிட்டு போனை வைத்தார் கில்ஜுன். அப்புறம் நேராகப் பின்கட்டுக் கொட்டகைக்குப் போய் ஒரு கூடைக் கஷ்கொட்டையோடு உட்கார்ந்தார்.

அன்றிலிருந்து வீட்டில் கஷ்கொட்டை ராஜ்யம். கொட்டகையிலிருந்து அவ்வப்போது ‘ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம் வரும். விரலை வெட்டிக்கொண்டார் என்று அர்த்தம். சாயங்காலம் ஒரு கிண்ணத்தில் சின்னாபின்னமான துண்டுகளை அடுப்படித் திண்டில் வைத்துவிட்டு ஓசைப்படாமல் நகர்ந்துவிடுவார். வீணாக்க மனசு வராமல் ஓக்பூன் அதைச் சமைத்தாள். முதல் நாள் கஷ்கொட்டைச் சோறு. அடுத்த நாள் கஷ்கொட்டைக் கஞ்சி. அதற்கடுத்த நாள் கோழியோடு கஷ்கொட்டை. மறுபடியும் சோறு. இரண்டு பேருக்கும் வயிறு ஊதிப்போய், இரவு நேரத்து மரியாதையெல்லாம் வீட்டைவிட்டு ஓடிவிட்டது.

ஆறாம் நாள் மதியம் சாப்பாட்டு மேஜையில் கிண்ணத்தைப் பார்த்ததும் கில்ஜுனின் முகம் தொங்கிப்போனது.

“இன்னைக்கும் இதேவா?”

“கொட்டகையில எலி ஒண்ணு தெனமும் கொறிச்சுப் போடுதுங்க. அள்ளிக் கொட்ட மனசு வரல” என்றாள் ஓக்பூன்.

“எலியா?”

“பெரிய எலி. கண்ணாடி போட்டிருக்குது.”

கில்ஜுன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கொஞ்ச நேரம் மென்றார். “சித்தப்பா என்ற கையப் பாக்க வர்றாரு. போன வருசம் அத்தன பாராட்டிப்போட்டாரு. இந்த வருசம் ஒரு துளி கொறஞ்சாலும் நல்லாயிருக்காது, அதான் கொஞ்சம் பழகிப் பாக்கறேன்.”

ஓக்பூன் கரண்டியைக் கீழே வைத்தாள். மகள் பெயரை வைத்துத்தான் அவரைக் கூப்பிடுவது வழக்கம். “ஹேரிம் அப்பா, நீங்க இந்த ஊர்லதானுங்களே பொறந்தீங்க?”

“இதென்ன கேள்வி?”

“இல்ல, அசலூர்க்காரங்களுக்குத்தான் வெளங்காதும்பாங்க. மனுசன் கை செஞ்சாப்பல இல்லைன்னா, அது பாராட்டுங்களா?”

அவர் வாய் மெல்வதை நிறுத்தியது. சித்தப்பாவின் முகம், இலந்தைப்பழத்தைப் பார்த்த சொந்தக்காரர்களின் முகங்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவர் கண்முன் வந்திருக்க வேண்டும். காது நுனியில் தொடங்கிய சிவப்பு கழுத்து வரைக்கும் இறங்கியது.

“அப்ப... அவுருக்குத் தெரியுமா?”

“எல்லாத்துக்கும் தெரியும்.”

“உனக்கும் தெரியுமா?”

“உரிச்ச வீட்டுல ஓடு கெடக்கோணுமல்லங்க?”

“தெரிஞ்சும் ஒரு வருசமா நீ ஏன் சொல்லல?”

“நீங்க ஏன் கேக்கல?”

கேட்டுவிட்டு அவள் அவர் முகத்தையே பார்த்தாள். இப்போது கேட்பார், இந்த நிமிஷம் கேட்பார் என்று இருந்தது அவளுக்கு. கில்ஜுன் வாயைத் திறந்தார். தோப்பில் நாய் குரைத்தது. “என்னமோ காட்டுப்பன்னி வந்தாப்பல இருக்குது” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். பட்டப்பகலில் காட்டுப்பன்றி! ஓக்பூன் மீதிச் சோற்றையும் தானே சாப்பிட்டாள். கோபத்தில் என்ன சாப்பிடுகிறோம் என்று தெரியாது. வயிறு அப்புறம் ஞாபகப்படுத்தும்.

திவசத்தன்று காலையில் அவள் கிடங்குக்குப் போனபோது மூட்டைகள் இருந்த இடம் காலியாக இருந்தது. விற்றது விற்றதுபோக வீட்டுக்கென்று வைத்திருந்ததில் பெரும்பகுதியை எலி தின்று தீர்த்துவிட்டது. அவள் முன்யோசனையாகப் பெரிய கொட்டைகளாகப் பொறுக்கி மணலில் புதைத்து வைத்திருந்தது மட்டும்தான் மிச்சம். அதை எடுத்து வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டுக் கூடத்தில் கொண்டுபோய் வைத்தாள்.

மத்தியானம் சித்தப்பா வந்தார். எண்பதைத் தொடும் வயது. நடை மெதுவானாலும் கண் கழுகுக் கண். கோட்டின் உள்பையிலிருந்து துணியில் சுற்றிய சொந்தக் கத்தியை எடுத்துக்கொண்டு பாத்திரத்தின் அருகில் உட்கார்ந்தார். கில்ஜுன் உள்ளேயிருந்து வந்தார். வலது கைக் கட்டைவிரலில், குழந்தைத் தலை அளவுக்கு ஒரு கட்டு.

“அட கடவுளே... என்ன தம்பி இது?” என்று சித்தப்பா பதறினார். “விரலு இருக்குதா, போயிருச்சா?”

“காலையில கவாத்துக் கத்தி பட்டுப்போச்சுங்க சித்தப்பா. இந்த வருசம் என்னால முடியாதாட்டம் இருக்குது. நீங்களே...”

“அடடடா. பொன்னாட்டக் கையி!” சித்தப்பா தலையை ஆட்டி ஆட்டி வருத்தப்பட்டார். “சரி, கைதான போச்சு, வாய் இருக்குதல்ல? நீ சொல்லு, நான் அப்படியே உரிக்கறேன். உன்ற முறைய நானும் கத்துக்கிட்டாப்பல ஆச்சு.”

அடுப்படியில் மீனை முட்டையில் தோய்த்துக்கொண்டிருந்த ஓக்பூன் வாயைப் பொத்திக்கொண்டாள். அங்கிருந்து கூடம் நன்றாகத் தெரியும்.

சித்தப்பா ஒரு கொட்டையை எடுத்தார். கண்ணிமைக்கும் நேரத்தில் ஓடும் தோலும் போய் வெள்ளையாக நின்றது. அப்புறம் கத்தியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பையனைப் போல கில்ஜுனைப் பார்த்தார்.

“இனி?”

“கீழ்ப்பக்கத்தத் தட்டையாக்குங்க.”

“ஆக்கியாச்சு. இனி?”

“மேல்பக்கம்.”

“ஆச்சு. கொஞ்சம் சாஞ்சாப்பல இருக்குது. என்ன பண்ண?”

கில்ஜுன் குனிந்து பார்த்தார். “இந்தப் பக்கம் இன்னொரு சீவு.”

சித்தப்பா சீவினார். “இப்ப அந்தப் பக்கம் சாயுது.”

“அப்ப அந்தப் பக்கமும் ஒரு சீவு.”

“நீ சொன்னாச் சரிதான்.” சீவினார். “இன்னுமா?”

“இன்னும் ஒரே ஒரு துளி.”

கடைசியில் சித்தப்பா உள்ளங்கையை நீட்டினார். அதில் ஒரு சோயா மொச்சை அளவுக்கு என்னவோ இருந்தது. “போன வருசம் இதவிடச் சித்த பெருசா இருந்தாப்பல ஞாபகம். வயசாயிருச்சு, ஞாபகம் தப்பிப்போகுது” என்றார். அதைத் தட்டில் பயபக்தியோடு வைத்துவிட்டு, பாத்திரத்திலிருந்து அடுத்த பெரிய கொட்டையை எடுத்தார். “இதுக்குச் சொல்லு.”

இரண்டாவதும் போனது. மூன்றாவதும் போனது. சித்தப்பா ஒரு வார்த்தை மீறவில்லை. சொன்னபடி சொன்னபடி சீவினார். கில்ஜுனுக்கு நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. பாத்திரத்தில் தண்ணீர் அதிகமாகவும் கொட்டை குறைவாகவும் தெரியத் தொடங்கியது. வெயில் கூடத்து நடுவிலிருந்து சுவரோரம் நகர்ந்துவிட்டது. மகள் ஹேரிமும் மாப்பிள்ளையும் மற்ற சொந்தங்களும் இன்னும் கொஞ்ச நேரத்தில் வந்துவிடுவார்கள்.

ஓக்பூனின் சிரிப்பு இப்போது நின்றுவிட்டது. மிச்சமிருப்பது ஒரு தட்டுக்கு மட்டுமட்டாகத்தான் காணும்; இப்படியே போனால் அதுவும் இல்லை. கஷ்கொட்டைத் தோப்பு வைத்து வாழ்ந்து செத்த மனிதருக்கு, அவர் வீட்டிலேயே, அவர் திவசத்திலேயே தட்டு காலியாக இருக்கப்போகிறது. போய்க் கத்தியை வாங்கிவிடலாமா? இரண்டு எட்டு வைத்தால் போதும். அவள் கை பரபரத்தது. ஆனால் இவளாகப் போய் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்றும் அவளுக்குத் தெரியும். ‘கை அடிபட்டதால் இந்த ஒரு தடவை’ என்று ஆகிவிடும். அடுத்த வருஷம் கட்டு அவிழ்ந்ததும் அவர் மறுபடியும் பஸ் ஏறுவார். இவள் மறுபடியும் அடுப்படியில் நிற்பாள். கேளுங்களேன், என்று மனசுக்குள் கெஞ்சினாள். ஒரே ஒரு வார்த்தை, தேய்ந்தா போய்விடுவீர்கள்?

வாணலியில் ஒரு மீன் துண்டு கருகியது. எடுத்துத் தானே தின்றாள்.

“இதுக்கும் சொல்லு தம்பி” என்றார் சித்தப்பா, இன்னொரு கொட்டையை உரித்து நீட்டியபடி. இருந்ததிலேயே பெரிய கொட்டை அது.

கில்ஜுன் அதைப் பார்த்தார். பாத்திரத்தைப் பார்த்தார். சுவரில் மாட்டியிருந்த அப்பாவின் போட்டோவைப் பார்த்தார். அப்புறம் கட்டைவிரல் கட்டை அவிழ்க்கத் தொடங்கினார். சுற்று சுற்றாக அது வந்துகொண்டே இருந்தது. அவிழ்த்து முடிவதற்குள் சித்தப்பாவுக்கே கொட்டாவி வந்துவிட்டது. உள்ளே விரல் பிறந்த குழந்தை மாதிரி முழுசாக இருந்தது.

“சித்தப்பா, எனக்குக் கஷ்கொட்ட உரிக்கத் தெரியாது” என்றார். “எப்பவுமே தெரியாது. போன வருசத்துது மெஷினு உரிச்சது.”

சித்தப்பா கையில் கொட்டையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். இந்த வீட்டில் இவ்வளவு நேராக ஒரு பேச்சை அவர் கேட்டதே இல்லை.

கில்ஜுன் அடுப்படிப் பக்கம் திரும்பினார். “ஹேரிம் அம்மா. நீ வந்து அப்பாவுக்கு உரிச்சுக் குடுக்கறியா? உன்றகிட்டப் போன வருசமே கேட்டிருக்கோணும். வெக்கத்துல கேக்காம உட்டுப்போட்டேன்.”

ஓக்பூனுக்கு முதலில் கண்தான் நிறைந்தது. முட்டைக் கை என்பதால் துடைக்கவும் முடியவில்லை. தோள்பட்டையில் முகத்தைத் தேய்த்துக்கொண்டாள்.

“வரலாமுங்க. அடுப்புல அடை கெடக்குது. அதுங்க பாவம், தானாத் திரும்பிப் படுக்கத் தெரியாது.”

கில்ஜுனுக்கு இந்தத் தடவை ஊர்ப்பேச்சு உடனே விளங்கியது. எழுந்து வந்து தோசைத் திருப்பியை வாங்கிக்கொண்டார். அவள் தன் ஏப்ரனைக் கழற்றி அவர் கழுத்தில் மாட்டிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, மாமனாரின் கத்தியோடு கூடத்துக்குப் போனாள். சித்தப்பா கொஞ்சம் நகர்ந்து, தரை நன்றாகச் சுடுகிற இடத்தை அவளுக்கு விட்டார்.

அவள் கத்தியை அசைக்கவில்லை, கொட்டையைத்தான் திருப்பினாள். நீளமாக ஒரு சீவு, திருப்பு, இன்னொரு சீவு. தோல் மெல்லிசாகச் சுருண்டு மடியில் விழுந்தது. பட்டை பட்டையாக, ஒன்று போல ஒன்று இல்லாமல், ஒவ்வொன்றும் அதனதன் உருவத்துக்குத் தகுந்தபடி வந்து தண்ணீரில் விழுந்தன. சித்தப்பா ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ஓக்பூனின் கை நின்றது. அவர் வாயைத் திறந்து பாராட்டிவிட்டால் போச்சு.

அவர் பாராட்டவில்லை. தன் கத்தியைத் துணியில் சுற்றி உள்பையில் வைத்துக்கொண்டு, அவள் உரித்ததைத் துடைத்துத் துடைத்துத் தட்டில் அடுக்கத் தொடங்கினார். தட்டு சரியாமல் எழும்பியது.

பாதி எழும்பியிருக்கும். அடுப்படியிலிருந்து ‘அய்யய்யோ’ என்று ஒரு குரலும், பின்னாலேயே புகையும் வந்தன. பாத்திரம் ஒன்று உருண்டு ஓடும் சத்தம் கேட்டது.

“மருமவளே, உள்ள என்னமோ தீயுதாட்டம் இருக்குது” என்றார் சித்தப்பா, அடுக்குவதை நிறுத்தாமல்.

“தீயட்டுமுங்க, சின்ன மாமா” என்றாள் ஓக்பூன். “அது அவரு வேல.”

கால்களை இன்னும் வசதியாக மடக்கி உட்கார்ந்துகொண்டு, பாத்திரத்துக்குள் கையை விட்டு அடுத்த கொட்டையைத் தேடினாள்.